ழார் சீனாவில் வாசித்த ஆல்பம்: முதல்முறை கேட்பவருக்கு ஒரு வழிகாட்டி

எலக்ட்ரானிக் இசையின் நேரடிக் கச்சேரி என்றதும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். கருவிதான் தானாகவே வாசிக்கிறதே, பட்டனை அழுத்திவிட்டுக் கலைஞர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமே, இதில் கச்சேரி எங்கே இருக்கிறது? நியாயமான சந்தேகம்தான். அதை ஒதுக்கி வைக்க வேண்டாம், அதோடேயே கேட்க உட்காருங்கள். எதை இயந்திரம் வாசிக்கிறது, எதை மனிதக் கை வாசிக்கிறது என்று காது பிரித்தறியத் தொடங்கினால், இந்த வகை இசையில் பாதி புரிந்துவிடும்.

அந்தப் பழக்கத்துக்கு நான் பரிந்துரைக்கும் ஆல்பம், பிரெஞ்சு இசைக்கலைஞர் ழான் மிஷெல் ழார் 1982-ல் வெளியிட்ட ‘த கான்சர்ட்ஸ் இன் சைனா’. இதைவிடச் சுத்தமான பதிவுகள் இருக்கின்றன, இதைவிடத் துணிச்சலான இசையும் இருக்கிறது. ஆனால் புதிதாக வருபவருக்கு இதில் பிடித்துக்கொள்ள மெட்டு இருக்கிறது, பின்னணியில் நல்ல கதை இருக்கிறது. இயந்திரமும் கையும் மோதிக்கொள்ளும் இடங்களும் நிறைய உண்டு.

முதலில் கொஞ்சம் பின்னணி

ழார் 1948-ல் லியோன் நகரில் பிறந்தவர். அப்பா மோரிஸ் ழார், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கியவர். மகன் 1960களின் இறுதியில் பாரிசில் பியேர் ஷேஃபர் நிறுவிய இசை ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். ரயில் சத்தம், கதவுச் சத்தம் என்று உலகத்தின் ஒலிகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி இசையாக்கலாம் என்று 1948-லேயே செய்து காட்டியவர் ஷேஃபர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்தில் உதவும்.

1976-ல் வீட்டில் அமைத்த ஸ்டுடியோவில் ழார் பதிவு செய்த ‘ஆக்ஸிஜென்’ உலகம் முழுக்க விற்றது. 1978-ல் ‘எக்கினாக்ஸ்’. 1979 ஜூலை 14-ல் பாரிசின் கான்கார்ட் சதுக்கத்தில் அவர் நடத்திய கச்சேரிக்குப் பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1981-ல் ‘மேக்னட்டிக் ஃபீல்ட்ஸ்’. அதே ஆண்டு அக்டோபரில் சீனா.

சீனத் தலைவர் மாவோ இறந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. மேற்கத்தியப் பாப் இசைக் கலைஞர்கள் அங்கே மேடை ஏறுவது அப்போது மிக அரிது. பெய்ஜிங், ஷாங்காய் இரண்டிலும் சேர்த்து ஐந்து கச்சேரிகள் நடந்தன. அரங்கத்துக்குத் தேவைப்பட்ட மின்சாரத்துக்காக அக்கம்பக்கத்துப் பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். கேட்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்: முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் என்ற கருவியின் சத்தமே புதிது. முதல்முறை கேட்கும் உங்களைவிட அவர்கள் ரொம்பவே புதியவர்கள்.

கேட்பதற்கான ஏற்பாடு

ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். இந்த இசையில் கீழே ஓடும் பேஸ் என்ற கனத்த ஒலிதான் பல இடங்களில் கதையையே சொல்கிறது, ஃபோன் ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போதும். ஒலிகள் இடமிருந்து வலமாக நகரும் இடங்கள் இருப்பதால், ஹெட்ஃபோனின் இடது வலது மாறாமல் மாட்டுங்கள்.

ஆப்பில் கேட்பதானால் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி அணைந்திருக்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டும் கேப்லெஸ் வசதி இயங்க வேண்டும். இந்த ஆல்பத்தில் பல பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடுகின்றன. 21 விநாடிதான் நீளும் பாட்டுகூட ஒன்று உண்டு. அரை விநாடி மௌனம் நுழைந்தாலும் எரிச்சலாக இருக்கும்.

மொத்தம் ஏறக்குறைய 79 நிமிடம். ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். இது முதலில் இரண்டு இசைத்தட்டுகளாக, நான்கு பக்கங்களாக வந்தது. ஒவ்வொரு பக்கமும் சுமார் இருபது நிமிடம். அந்தப் பிரிப்பையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றால் களைப்பே தெரியாது.

இன்னொன்று. பாடகர் எப்போது வருவார் என்று காத்திருக்காதீர்கள், வர மாட்டார்.

கேட்கும் முன் தெரிய வேண்டிய நான்கு சொற்கள்

சீக்வென்சர்: முன்பே பதிந்து வைத்த சுரங்களை அதே வரிசையில் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி. அது அலுக்காது, தாளம் தப்பாது.

ஆர்பெஜியேட்டர்: நீங்கள் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். கை கட்டையை மாற்றினால் உதிரும் சுரங்களும் மாறும்.

ஃபில்டர்: ஒலியின் கூர்மையை வெட்டும் குமிழ். மூடினால் ஒலி மங்கிப் போர்வைக்குள் இருந்து வருவது போலிருக்கும், திறந்தால் பளீரென்று வெளியே வரும். சுரம் மாறாமல் நிறம் மட்டும் மாறுகிறது என்றால் யாரோ இந்தக் குமிழைத் திருப்புகிறார்கள் என்று அர்த்தம்.

நான்காவது மிடி. அது இந்த ஆல்பத்தில் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். வெவ்வேறு நிறுவனங்களின் எலக்ட்ரானிக் இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்த பொது ஏற்பாடு அது, 1983-ல்தான் வந்தது. 1981-ல் ழார் மேடை ஏறியபோது கருவிகள் பலவும் தனித்தனித் தீவுகள். ஓடும் சீக்வென்சரோடு மற்ற எல்லாவற்றையும் நான்கு மனிதர்கள் கையாலும் காதாலும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ழாரைத் தவிர மேடையில் இருந்தவர்கள்: ஃப்ரெடெரிக் ரூசோ, டொமினிக் பெரியே இருவரும் சிந்தசைசர்களில், ரோஜெ ரிட்சிடெல்லி தாளத்தில்.

ழார் வைத்திருந்த பழைய சிந்தசைசர்களில் ஆர்ப் 2600, விசிஎஸ்3 போன்றவற்றுக்கு நினைவகமே கிடையாது. ஒரு பாட்டுக்கு அமைத்த ஒலியைச் சேமித்து வைக்க முடியாது. அடுத்த பாட்டுக்கு வேறு ஒலி வேண்டுமானால் குமிழ்களையும் இணைப்புகளையும் கையால் மாற்றியே ஆக வேண்டும். போதாக்குறைக்கு அந்தக் காலத்து அனலாக் கருவிகள் சூடு ஏற ஏற சுருதி நகரும். பட்டனை அழுத்திவிட்டு நிற்பது என்பது அவர்களுக்கு வாய்க்காத சொகுசு.

முதல் பக்கம்: இயந்திரத்தைக் கண்டுபிடியுங்கள்

முதல் பாட்டு ‘த ஓவர்ச்சர்’. ‘மேக்னட்டிக் ஃபீல்ட்ஸ்’ முதல் பகுதியின் கருவை எடுத்து, நிதானமாக விரித்து வாசிப்பது. அதை ஆராயாமல் கேளுங்கள், காது அரங்கத்துக்குள் நுழையட்டும்.

பயிற்சி இரண்டாவது பாட்டில் ஆரம்பிக்கிறது. ‘ஆர்பெஜியேட்டர்’ என்பதே அதன் பெயர். ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதை மூன்று முறை கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வேலைக்காக.

முதல் முறை, உதிர்ந்துகொண்டே இருக்கும் அந்தச் சுரவரிசையை மட்டும் பின்தொடருங்கள். மேலே மெட்டு வந்தால் வரட்டும், கண்டுகொள்ளாதீர்கள். சுரவரிசை எப்போதெல்லாம் வேறு இடத்துக்குத் தாவுகிறது என்று கவனியுங்கள். அந்தத் தாவல்தான் பாட்டின் எலும்பு.

இரண்டாம் முறை, நிறத்தைக் கவனியுங்கள். அதே ஒலி எங்கே மங்குகிறது, எங்கே கூர்மையாகிறது? ஃபில்டர் குமிழில் இருப்பது ஒரு விரல். இயந்திரம் சுரத்தைப் பார்த்துக்கொள்வதால் கைக்கு நிறத்தோடு விளையாட நேரம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், மேடையில் எலக்ட்ரானிக் கலைஞர் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். பியானோ வாசிப்பவரின் திறமையை விரல் வேகத்தில் தேடுகிறோம். இங்கே குமிழை எவ்வளவு பொறுமையாகத் திருப்புகிறார் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் முறை, மேலே வரும் நீண்ட மெட்டை மட்டும். அது இயந்திரத்தின் தாளத்துக்கு அப்படியே உட்கார்கிறதா, கொஞ்சம் முன்பின் சாய்கிறதா? சாய்ந்தால் அங்கே ஒரு கை இருக்கிறது.

இந்த மூன்று சுற்றும் முடிந்தபின் ‘எக்கினாக்ஸ்’ நான்காம் பகுதிக்குப் போங்கள். இதற்கு மட்டும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு: 1978 ஸ்டுடியோ வடிவத்தை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டும் ஒரே மெட்டுதான். மேடை வடிவம் நீளம் கூடியது, தாளம் சதை பிடித்தது. ஸ்டுடியோவில் ஒருவர் அடுக்கடுக்காகத் தனியாகப் பதிந்ததை இங்கே நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆல்பம் முழுவதற்கும் ஸ்டுடியோ மூலத்தைத் தேடிப்போக வேண்டாம், அது ஆராய்ச்சியாகிவிடும். இந்த ஒன்று போதும்.

இரண்டாம் பக்கம்: மீனவர் படகுகள்

என் பார்வையில் ஆல்பத்தின் இதயம் இங்கேதான். ‘ஃபிஷிங் ஜங்க்ஸ் அட் சன்செட்’, ஒன்பதரை நிமிடத்துக்கும் மேல். பெய்ஜிங் இசைக் கல்லூரியின் இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தது.

மூல மெட்டு சீனர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: ‘யூச்சோ சாங்வான்’, மாலையில் படகுகளில் திரும்பும் மீனவர்களின் பாட்டு என்ற பொருளில் வழங்குவது. 1930களில் லோ ஷூஹுவா கூஜெங் என்ற நீண்ட நரம்புக் கருவிக்காக அமைத்து வாசித்தது. தலைப்பு தாங் வம்சத்துக் கவிஞர் வாங் போவின் வரியிலிருந்து வந்தது.

நம் காதுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. இந்த மெட்டு நிற்பது ஐந்து சுரங்களில், அவை மோகன ராகத்தின் சுரங்களோடு ஒத்துப்போகின்றன. ஆரோகணம் தெரியாவிட்டாலும் மோகனத்தில் அமைந்த பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காது, இங்கே உடனே ஒரு திண்ணை கண்டு உட்கார்ந்துவிடும். ஆனால் கமகம் இல்லை. அதற்குப் பதிலாகக் கூஜெங் மரபில் இடது கை நரம்பை அழுத்திச் சுரத்தை வளைக்கும், அந்த வளைவுக்குத் தனி ருசி உண்டு.

கேட்கும் முறை இதுதான். முதலில் சீனக் கருவிகளை மட்டும் பின்தொடருங்கள். சிந்தசைசர் எந்த இடத்தில் நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். நுழைந்தபின் அது மெட்டைப் பறித்துக்கொள்கிறதா, அடியில் விரிந்து நிற்கிறதா? ஒரு விமர்சனத்தையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு உலகங்களும் உண்மையிலேயே கலக்கின்றன என்று என்னால் சொல்ல முடியாது. பல இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். இருந்தாலும் அந்தத் தயக்கமே எனக்குப் பிடிக்கும். சீக்வென்சரின் இரும்புத் தாளத்துக்கு இசைக்குழுவைக் கட்டிப்போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

இடையில் ஒரு செய்தி. இதே மெட்டின் எலக்ட்ரானிக் ஆர்கன் வடிவம் பிற்காலத்தில் சீனத் தேசியத் தொலைக்காட்சியின் வானிலை அறிக்கைக்குப் பின்னணி இசையாகிப் பல ஆண்டுகள் ஒலித்தது. ழாரின் வடிவம் இல்லை, அது வேறொருவர் வாசித்தது. ஆனாலும் பழைய கூஜெங் மெட்டும் மின்சாரக் கட்டைகளும் அங்கே வீட்டுக்கு வீடு பழகிப்போயின.

அடுத்து வரும் ‘பேண்ட் இன் த ரெயின்’ ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ‘எக்கினாக்ஸ்’ எட்டாம் பகுதியின் தொடக்கத்தில் வரும் குட்டி மெட்டு இது. சிரித்துவிட்டுக் கடந்து போங்கள். பக்கத்தை முடிப்பது ‘எக்கினாக்ஸ்’ ஏழாம் பகுதி. ஸ்டுடியோவில் ஏழரை நிமிடத்துக்குள் முடிந்தது இங்கே பத்து நிமிடத்தைத் தொடுகிறது. அந்த அதிகப்படியான நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. புதிய மெட்டு எதுவும் வருவதில்லை, இருக்கும் ஓட்டத்தையே நால்வரும் இழுத்து நீட்டுகிறார்கள். முதல் பக்கத்தில் பழகிய மூன்று சுற்றுப் பயிற்சியை இங்கேயும் செய்து பாருங்கள்.

மூன்றாம் பக்கம்: ஒளியைத் தொட்டு வாசிப்பது

‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ எளிய மெட்டு, ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்க வரும். நண்பர் யாருக்காவது இந்த ஆல்பத்தை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் இதைப் போட்டுக் காட்டுங்கள். ‘மேக்னட்டிக் ஃபீல்ட்ஸ்’ பகுதிகள் தொடர்ச்சியாக வருகின்றன, அவற்றை ஒரே பாட்டாக நினைத்துக் கேட்டால் போதும்.

கவனம் தேவைப்படுவது கடைசிப் பாட்டுக்கு: ‘லேசர் ஹார்ப்’. பெர்னார் ஷைனர் உருவாக்கிய கருவி, சீனக் கச்சேரிகளில் ழார் மேடைக்குக் கொண்டுவந்தார். தரையிலிருந்து விசிறிபோல் மேலே பாயும் லேசர்க் கதிர்கள்தான் அதன் நரம்புகள். கையால் ஒரு கதிரை மறித்தால் அதற்குரிய சுரம் ஒலிக்கும். கதிருக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. மறிக்கப்பட்டது என்ற தகவல் ஒரு சிந்தசைசருக்குப் போகிறது, ஒலி அங்கிருந்து வருகிறது. கையும் கண்ணும் பாதிக்காமல் இருக்கக் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் வாசிப்பார்.

சத்தத்தில் மட்டும் கேட்டால் இந்தப் பாட்டு ஏமாற்றும். இது கண்ணுக்காகப் பிறந்த கருவி. அதனால் இங்கே மட்டும் விதிவிலக்கு: அவர் லேசர் ஹார்ப் வாசிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். பார்த்தபின் சுரங்களுக்கு நடுவே இருக்கும் சின்னத் தயக்கங்கள் புரியும். ஒரு கதிரிலிருந்து இன்னொரு கதிருக்குக் கை நகர வேண்டியிருக்கிறது, தொட்டு உணர நரம்பும் இல்லை. ஒரு எச்சரிக்கை: லேசர் ஹார்ப் என்றதும் ரசிகர்கள் நினைக்கும் அந்தக் கனத்த உறுமல் ஒலி, 1986-ல் வந்த ‘ராந்தேவூ’ ஆல்பத்தில் பிரபலமானது. அதை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

நான்காம் பக்கம்

‘நைட் இன் ஷாங்காய்’ மெதுவான, இருண்ட பாட்டு. விளக்கைக் குறைத்துவிட்டுக் கேட்கலாம். ‘த லாஸ்ட் ரும்பா’ இதற்கு நேர்மாறு. வீட்டு ஆர்கனில் ஒரு பட்டனைத் தட்டினால் வரும் ரும்பா தாளத்தோடு இரண்டு நிமிட விளையாட்டு. முதல்முறை கேட்பவர்கள் இதென்ன கிண்டலா என்று கேட்பார்கள். கிண்டல்தான், அதிலும் அன்பான கிண்டல். அவ்வளவு பிரம்மாண்டமான கருவிகளுக்கு நடுவே இதை வாசிக்க ஒரு தைரியம் வேண்டும்.

அப்புறம் ‘மேக்னட்டிக் ஃபீல்ட்ஸ்’ இரண்டாம் பகுதி. கச்சேரியின் உச்சம் இதுதான், இங்கே எதையும் பிரித்துக் கேட்க வேண்டாம். கடைசியாக ‘சூவெனிர் ஆஃப் சைனா’. கேமரா ஷட்டரின் ‘க்ளிக்’ சத்தத்தைத் தாளமாக வைத்துக் கட்டிய பாட்டு. ஷேஃபரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான். உலகத்தின் சத்தத்தை இசையாக்கலாம் என்று அவரிடம் கற்றதை, ஒலியைப் பதிந்து கட்டைகளில் வாசிக்க உதவிய ஃபேர்லைட் என்ற கணினிக் கருவி வந்ததும் ழாரால் எளிதாகச் செய்ய முடிந்தது. ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சுக் குரல்களையும் சூழல் ஒலிகளையும் தாண்டிப் போகாதீர்கள், அவையும் இசையின் பகுதிதான்.

இது முழுக்க நேரடிப் பதிவா?

இல்லை. ‘சூவெனிர் ஆஃப் சைனா’ ஸ்டுடியோவில் உருவானது. மற்றவற்றிலும் மேடைப் பதிவைப் பின்னால் செப்பனிட்டிருக்கிறார்கள், அந்தக் காலத்து மேடை ஆல்பங்களில் இது சகஜம். சிலருக்கு இது தெரிந்ததும் ஆர்வம் வடிந்துவிடும். எனக்கு அப்படி இல்லை. இதை ஐந்து இரவுகளின் சாட்சியமாகக் கேட்டால் குறை தெரியும், அந்தப் பயணத்தைப் பற்றிப் பின்னால் செய்த படைப்பாகக் கேட்டால் தெரியாது. எந்த இடம் மேடை, எந்த இடம் ஸ்டுடியோ என்று ஊகிப்பதும் நல்ல காதுப் பயிற்சி. கைதட்டலுக்கு முன்னால் கடைசிச் சுரம் அரங்கத்தில் எப்படிக் கரைகிறது என்று கேளுங்கள், அங்கே துப்பு கிடைக்கும்.

இது முடிந்தபின்

நான்கு பக்கத்தையும் ஒரு சுற்று முடித்தவர்கள் ஒரு வாரம் விட்டு, இந்த முறை பயிற்சி எதுவும் இல்லாமல் ஓட விடுங்கள். பிடிக்காத பாட்டைத் தாராளமாகத் தாண்டலாம்.

அதற்கு மேல் போக விருப்பமிருந்தால் இரண்டு திசைகள். மெட்டைவிட ஓட்டம் பிடித்திருந்தால் ஜெர்மனியின் டேஞ்சரின் ட்ரீம் குழு 1975-ல் வெளியிட்ட ‘ரிக்கோஷே’. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்று மொத்தம் இரண்டே பாட்டுகள். சீக்வென்சரின் மேல் மூன்று பேர் எப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று கேட்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. துல்லியம் பிடித்திருந்தால் கிராஃப்ட்வெர்க் குழுவின் 2005 மேடைப் பதிவு ‘மினிமம் மேக்சிமம்’. அங்கே கை இயந்திரத்தோடு சண்டை போடாது, இயந்திரமாகவே மாறப் பார்க்கும்.

ழாரிடமே தொடர விரும்புபவர்களுக்கு 1986-ல் ஹூஸ்டன், லியோன் நகரங்களில் நடந்த கச்சேரிகளின் பதிவு இருக்கிறது. ‘ராந்தேவூ’ ஆல்பத்துக்காக விண்வெளியில் சாக்ஸபோன் பகுதியைப் பதிவு செய்ய இருந்தவர் விண்வெளி வீரர் ரான் மெக்நேர். அந்த ஜனவரியில் சேலஞ்சர் விபத்தில் அவர் இறந்துபோனார், அவருக்காக எழுதிய பகுதியை ஹூஸ்டன் மேடையில் கிர்க் வேலம் வாசித்தார். அதைக் கேட்கும்போது சாக்ஸபோனுக்கு அடியில் சிந்தசைசர்கள் எவ்வளவு குறைவாக வாசிக்கின்றன என்று பாருங்கள்.